எந்த வேரியன்ட் எடுத்தால் விலை நிற்கும்? சூப்பர்கார் ரீசேல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் விலைகள் பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கச் சந்தை நிலவரம். சூப்பர்கார்கள் அதிகம் கை மாறுவதும், படிந்த விலை வெளியே தெரிவதும் அங்கேதான். சிங்கப்பூர், துபாய், இந்தியா பற்றிக் கடைசிக்கு முன்னால் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

ஒரே கார், இரண்டு வேரியன்ட். ஒன்று விலை இறங்குகிறது, இன்னொன்று ஏறுகிறது. ஏன்?

ஃபெராரி 458-ஐ எடுத்துக்கொள்வோம். 2009-ல் 458 இட்டாலியா வந்தது. 4.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்), டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிச் சக்தியைக் கூட்டும் கருவி) கிடையாது, 570 குதிரைத்திறன். 2013-ல் அதே இன்ஜினை 605 குதிரைத்திறனுக்கு ஏற்றி, எடையைக் குறைத்து 458 ஸ்பெசியாலே என்று விற்றார்கள். பிரிட்டனில் இரண்டுக்கும் லிஸ்ட் விலையில் ஏறத்தாழ 30,000 பவுண்டுதான் வித்தியாசம். இன்றைக்கு இட்டாலியா தன் ஷோரூம் விலைக்குக் கீழே விற்கிறது, ஸ்பெசியாலே நன்றாக மேலே விற்கிறது. அன்றைய 30,000 பவுண்டு இடைவெளி இன்று பல மடங்கு.

கூடுதலாக வந்த 35 குதிரைத்திறனுக்கு யாரும் இவ்வளவு கொடுக்கவில்லை. 2015-ல் 488 ஜிடிபி வந்தபோது இன்ஜின் டர்போவுக்கு மாறிவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிக்கொண்டே போனதால், நடுவில் இன்ஜின் வைத்த டர்போ இல்லாத வி8 ஃபெராரி அதோடு முடிந்தது. அந்த வரிசையின் கடைசி, கூர்மையான வடிவம் ஸ்பெசியாலே. ஃபெராரியே நினைத்தாலும் இன்னொன்று செய்ய முடியாது என்பதற்குத்தான் அந்த விலை.

அதே இன்ஜின் இருப்பதால் இட்டாலியாவுக்கும் கொஞ்சம் பலன் உண்டு. அதைவிடப் புதியதும் வேகமானதுமான 488-க்கு அருகிலேயே அதன் விலை நிற்கிறது. ஆனால் சந்தையில் எண்ணிக்கை அதிகம், எப்போது தேடினாலும் ஒன்று கிடைக்கும். அதனால் ஏறவில்லை, இறக்கம் மட்டும் நின்றிருக்கிறது.

எனவே வேரியன்ட் தேர்வில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்தக் காரில் எதற்காக நான் கூடுதல் பணம் தருகிறேனோ, அதைக் கம்பெனி அடுத்த வருடம் வேறொரு பெயரில், குறைந்த விலையில் தர முடியுமா?

"லிமிடெட் எடிஷன்" என்றால் விலை ஏறும்தானே?

இந்த நம்பிக்கைக்கு நல்ல மருந்து போர்ஷே 911 ஆர். கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

போர்ஷே 911-ன் பந்தய ரக வடிவம் ஜிடி3. 2013-ல் வந்த அதன் 991 தலைமுறையில் மேனுவல் கியரே கிடையாது, பிடிகே என்ற இரட்டை கிளட்ச் தானியங்கி கியர் மட்டும்தான். மேனுவல் பிரியர்கள் கொதித்தார்கள். 2016 மார்ச்சில், ஜெனீவா கண்காட்சியில் போர்ஷே 911 ஆர் காரைக் காட்டியது. 4.0 லிட்டர், 500 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், பின்னால் இறக்கை இல்லை, 1,370 கிலோ. மொத்தம் 991 வண்டிகள். அமெரிக்காவில் லிஸ்ட் விலை 184,900 டாலர். போர்ஷேயின் உச்ச ரகக் காரான 918 ஸ்பைடர் வாங்கியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்ததில், டீலரை நம்பிக் காத்திருந்த பலருக்கும் கிடைக்கவில்லை. வண்டி கைக்கு வந்த வேகத்திலேயே மறுவிற்பனைக்கு வந்தது. லிஸ்ட் விலைபோல் மூன்று மடங்கு, அதற்கும் மேல் என்று கேட்டார்கள். கொடுக்கவும் ஆள் இருந்தது.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2017 மார்ச்சில், அதே ஜெனீவாவில் அடுத்த ஜிடி3 வந்தது. 4.0 லிட்டர், 500 குதிரைத்திறன், மேனுவல் கியரும் உண்டு. எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் டூரிங் பேக்கேஜ் வந்தது. இறக்கையும் போயிற்று. ஆர் காரின் சாராம்சம் முழுக்க, அமெரிக்காவில் 143,600 டாலர் அடிப்படை விலையில். 911 ஆர் விலை மளமளவென்று இறங்கியது.

இதில் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். லிஸ்ட் விலைக்கு வாங்கியவருக்கு இன்றும் லாபம்தான். கார்பன் ஃபெண்டர், மெக்னீசியம் கூரை, அந்த 991 என்ற எண் எல்லாம் டூரிங்கில் இல்லை, அதனால் ஆர் இன்னமும் லிஸ்ட் விலைக்கு மேலேயே நிற்கிறது. அடிபட்டவர்கள், 2016 கடைசியில் உச்ச விலைக்கு இரண்டாவது கையாக வாங்கியவர்கள். பிறகு 2023-ல் 911 எஸ்/டி வந்தது. மீண்டும் எடை குறைப்பு, மீண்டும் மேனுவல், மீண்டும் இறக்கை இல்லை, 525 குதிரைத்திறன், 1,963 வண்டிகள். இந்தச் சமையல் குறிப்பை போர்ஷே மறுபடியும் எடுக்காது என்று யாரும் எழுதித் தரவில்லை.

எண்ணிக்கையே கூட மாறலாம். 2016-ல் ஃபோர்டு ஜிடி 1,000 வண்டிகள் என்றார்கள். 2018-ல் அது 1,350 ஆனது. மெக்லாரன் 675எல்டி கூப்பே (மூடிய கூரை) 500 மட்டும் என்று விற்றுத் தீர்ந்ததும், சில மாதங்களில் இன்னொரு 500 ஸ்பைடர் (திறக்கும் கூரை) வந்தது. சொன்ன பேச்சை மீறவில்லை, ஸ்பைடர் வேறு கார்தான்! ஆனால் கூப்பே வாங்கியவர் மனதில் இருந்த "500" அன்றோடு 1,000 ஆகிவிட்டது.

எதிர்த்திசையிலும் நடக்கும். போர்ஷே கரேரா ஜிடி 1,500 வண்டி என்று திட்டமிட்டு 1,270-ல் நிறுத்தப்பட்டது. அதுவும் உடனே ஏறிவிடவில்லை. அமெரிக்காவில் 440,000 டாலருக்கு விற்ற கார், 2009-10 மந்தத்தில் 300,000-க்கும் கீழே கிடைத்தது. பத்து லட்சம் டாலரைத் தாண்ட இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை தாங்கிப் பிடிக்கும் வசதி இருந்தவர்களுக்கே அந்த லாபம்.

மேனுவல் கியருக்கு இவ்வளவு மவுசு ஏன்? எந்தக் காரிலும் மேனுவல் எடுத்தால் போதுமா?

போதாது. மேனுவலுக்கு எவ்வளவு கூடுதல் கிடைக்கும் என்பது, அதே காரில் மாற்றாக வந்த கியர்பாக்ஸ் எவ்வளவு மோசமாக வயதாகிறது என்பதைப் பொறுத்தது.

ஃபெராரி எஃப்430, லம்போர்கினி காயார்டோ, முதல் தலைமுறை ஆடி ஆர்8 மூன்றிலும் மாற்றாக வந்தது ஒற்றை கிளட்ச் ஆட்டோமேட்டட் கியர்பாக்ஸ். புதிதில் பந்தயத் தொழில்நுட்பம் என்று பெருமையாக விற்றார்கள். இன்று நெரிசலில் ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு கியருக்கும் தலை ஆடும், கிளட்ச் தேயும், ஹைட்ராலிக் பம்ப் செலவு வைக்கும். அக்காலத்தில் பெரும்பாலோர் அதைத்தான் வாங்கினார்கள் என்பதால் மேனுவல் அரிது. உலோகத் தட்டில் வெட்டிய தடங்களில் கியர்க் கம்பி "டக் டக்" என்று விழும் அந்த அமைப்பும் இவற்றின் அடுத்த மாடல்களில் வரவே இல்லை. இரண்டும் சேர்ந்து, மேனுவல் எஃப்430-க்கும் காயார்டோவுக்கும் பெரிய தொகை கூடுதலாகக் கிடைக்கிறது.

ஆர்8-ல் இது மூன்று படியாகவே தெரியும். ஒற்றை கிளட்ச் ஆர் டிரானிக் அடியில், 2013 மாடலிலிருந்து வந்த இரட்டை கிளட்ச் எஸ் டிரானிக் நடுவில், மேனுவல் மேலே. 2015-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் மேனுவலே இல்லை.

ஜிடி3-ல் கதை வேறு. பிடிகே அருமையான கியர்பாக்ஸ், வயதாவதும் நன்றாகவே. மேனுவல் ஜிடி3-க்கு மதிப்பு உண்டு, ஆனால் எஃப்430-ல் பார்க்கும் பள்ளம் அங்கே இல்லை. 458, லம்போர்கினி ஹுராக்கான், 2011 முதல் வந்த மெக்லாரன் கார்களில் மேனுவல் வந்ததே இல்லை, அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. ஃபெராரி 360, எஃப்430 கார்களைப் பின்னாளில் மேனுவலாக மாற்றித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. வேலை சுத்தமாக இருந்தாலும், தொழிற்சாலையிலிருந்தே மேனுவலாக வந்த வண்டியின் விலை அதற்குக் கிடைக்காது. சேசிஸ் எண்ணை வைத்து டீலரிடம் உறுதி செய்யாமல் மேனுவல் விலை கொடுக்காதீர்கள்.

போர்ஷேயில் டர்போ எஸ்-தான் விலை அதிகம். அதுதானே ரீசேலிலும் நன்றாக நிற்கும்?

ஷோரூமில் விலை கூடியது ரீசேலில் கூடியதாக இருக்கும் என்பது சாதாரணக் கார்களில் பழகிய கணக்கு. 991 தலைமுறையில் டர்போ எஸ், ஜிடி3-ஐ விட 40,000 டாலருக்கும் மேல் விலை கூடியது. வேகமும் அதற்கே அதிகம், சொகுசும் அதற்கே அதிகம். ஆனால் டர்போ எஸ் வழக்கமான சொகுசுக் காரைப் போல இறங்கியது. ஜிடி3 அசையாமல் நின்றது.

டர்போ எஸ் தரும் விஷயம் வேகம். அடுத்த தலைமுறை டர்போ எஸ் அதைவிட வேகமாக வரும், வந்தது. ஜிடி3 தரும் விஷயம் 9,000 ஆர்பிஎம் வரை சுற்றும், டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் இன்ஜின். அதை எத்தனை வருடம் செய்ய அனுமதிப்பார்கள் என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. தினமும் அலுவலகம் போக, மனைவி பிள்ளைகளோடு நெடுந்தூரம் போக என்றால் நான் டர்போ எஸ்-ஐத்தான் சொல்வேன். ஆனால் மூன்று வருடம் பழகியதாகப் பார்த்து வாங்குங்கள், முதல் ஓனர் உங்களுக்காகத் தேய்மானத்தைக் கட்டிவிட்டிருப்பார்.

மெக்லாரன் ஏன் இப்படி விலை இறங்குகிறது? அதில் எந்த வேரியன்ட் தேறும்?

12சி 2011-ல் பிரிட்டனில் 168,500 பவுண்டுக்கு வந்தது. இன்று அதில் பாதிகூட வராது. கார் மோசம் என்பதால் இல்லை, ஓட்டியவர்கள் எல்லோரும் புகழ்வார்கள். ஒரே இரட்டை டர்போ வி8 குடும்பம், ஒரே மாதிரி கார்பன் தொட்டி (உட்காரும் இடத்தைச் சுற்றிய கார்பன் ஃபைபர் உடற்கூடு), அதை வைத்து வரிசையாக மாடல்களை இறக்கினார்கள். 2012-லேயே 12சி-யின் சக்தி 600-லிருந்து 625 குதிரைத்திறனுக்கு ஏறியது. பழைய ஓனர்களுக்கும் அதை இலவசமாகச் செய்து கொடுத்தது மெக்லாரனின் பெருந்தன்மை. ஆனால் 2014-ல் 650எஸ் வந்து விரைவிலேயே 12சி நின்றே போனது. 2015-ல் 570எஸ், 2017-ல் 720எஸ். 650எஸ் 12சி-யை விட வேகம், 720எஸ் அதையும் விட வேகம். வேகம் மட்டுமே வாங்கியவருக்கு, அதைவிட வேகமானது வந்த நாளில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இதில் தப்பித்தவை எல்டி என்று முடியும் கார்கள்: 675எல்டி, 600எல்டி, 765எல்டி. எண்ணிக்கை அல்லது உற்பத்திக் காலம் குறைவு, எடை குறைவு, ஓட்டும் உணர்வு வேறு. 765எல்டி கூப்பே 765, ஸ்பைடர் 765 என்று கட்டுப்பாடோடு செய்தார்கள். அவையும் இறங்கின, ஆனால் சாதாரண மெக்லாரன் அளவுக்கு இல்லை.

மலிவான வடிவமான 540சி-யை விட 570எஸ் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பழையதாக வாங்கும்போது இரண்டுக்கும் இடைவெளி சுருங்கிவிடும், விற்கும்போது 570எஸ் என்ற பெயரைத்தான் ஆட்கள் தேடுவார்கள். 570எஸ்.

கூப்பேயா, கூரை திறக்கும் ஸ்பைடரா?

சாதாரண வேரியன்டில் ஸ்பைடர் பொதுவாக விலை கூட, வெயில் காலத்தில் விற்க எளிது. பந்தயத்துக்கென்று கூர்தீட்டிய வேரியன்டில் எண்ணிக்கையைப் பாருங்கள். 458 ஸ்பெசியாலே கூப்பேக்கு அறிவித்த வரம்பு ஏதும் இல்லை. கூரை திறக்கும் அபெர்டா 499 மட்டுமே, விலை வேறு உயரத்தில். எஃப்430-ஐக் கூர்தீட்டிய 430 ஸ்குடேரியாவின் திறந்த வடிவமான 16எம்-மும் 499-தான்.

ஆப்ஷனுக்குக் கொடுத்த காசு திரும்ப வருமா?

பெரும்பாலும் வராது. ஆனால் சில ஆப்ஷன் இல்லாவிட்டால் வண்டியே விற்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் இரண்டாவது வகை. லிஃப்ட் இல்லாத ஜிடி3-ஐப் பார்க்க வருபவர் முதலில் அதைத்தான் சொல்லி விலை குறைப்பார். ஃபெராரியில் கார்பன் ரேசிங் சீட், முன் ஃபெண்டரில் ஸ்குடேரியா என்ற கேடயச் சின்னம், போர்ஷேயில் கார்பன் பக்கெட் சீட், அட்டவணைக்கு வெளியே தனியாகத் தேர்ந்த பெயின்ட், ஜிடி3 ஆர்எஸ்-ஸிலும் ஜிடி2 ஆர்எஸ்-ஸிலும் எடை குறைக்கும் வைசாக் பேக்கேஜ், இவற்றுக்குச் சந்தையில் மதிப்பு உண்டு. ஃபெராரி சின்னம் பின்னால் ஒட்டியதா, ஆர்டரிலேயே வந்ததா என்று கேட்பவர்கள் நிறைய.

உள்ளே கார்பன் பட்டை, தையல் நூல் நிறம், உயர்தர ஸ்பீக்கர் எல்லாம் உங்கள் கண்ணுக்கும் காதுக்கும். ஒரு கணக்குக்கு, 200,000 காருக்கு 40,000 ஆப்ஷன் போட்டால், தேய்மானம் 240,000-லிருந்துதான் தொடங்கும், சந்தை மட்டும் 200,000-லிருந்து எண்ணும்.

செராமிக் பிரேக் இருபக்கமும் வெட்டும். இருந்தால் விலை கூட, தேய்ந்திருந்தால் நான்கு தட்டுகளையும் மாற்றும் செலவைக் கேட்டு ஆள் ஓடிவிடுவார். போர்ஷே தட்டின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். சக்கரத்தைக் கழற்றித் தட்டை எடை போட்டுப் பார்க்காமல் "பிரேக் புதுசு மாதிரி இருக்கு" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

நிறம்?

ஃபெராரிக்குச் சிவப்பு என்றும் தப்பில்லை. லம்போர்கினி மஞ்சளிலும் பச்சையிலும் விற்கும், அடக்கமான சாம்பல் நிறத்தில்தான் தடுமாறும். உங்களுக்கு மட்டுமே பிடித்த நிறக் கலவையை ஆர்டர் செய்தால், அதே ரசனை உள்ள இன்னொருவர் வரும்வரை காத்திருக்கவும் தயாராக இருங்கள்.

ஓட்டினால் விலை போய்விடுமா? மூடியே வைக்கலாமா?

458 இட்டாலியா, டர்போ எஸ், 570எஸ் மாதிரிக் கார்களை ஓட்டுங்கள். அவை எப்படியும் ஏறப்போவதில்லை. வருடம் சில ஆயிரம் கிலோமீட்டரால் வரும் கூடுதல் இறக்கம் சிறியது. 911 ஆர், ஸ்பெசியாலே அபெர்டா போன்றவற்றில் ஒவ்வொரு ஆயிரமும் கணக்கில் வரும்.

முழுக்க மூடிவைத்த வண்டியும் சிக்கல்தான். டயர் ஓடாமலே வயதாகும். பேட்டரி இறங்கும், சீல்கள் காயும். ஃபெராரியில் இன்னொரு வேடிக்கை உண்டு. அக்காலத்து டாஷ்போர்டு பட்டன்களின் ரப்பர் பூச்சு வெப்பத்திலும் வயதிலும் இளகி, விரல் வைத்தால் ஒட்டும், அழுத்திய இடத்தில் ரேகை பதியும். 360, எஃப்430, 458 வரை இந்தத் தொல்லை உண்டு. 5,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியிலும் வரும். பூச்சை எடுத்துப் புதுப்பித்துத் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டி பார்க்கப் போனால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பட்டனை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

ரீகால், இன்ஜின் பிரச்சினை வந்த வேரியன்டை ஒதுக்கிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். 2014-ல் ஜிடி3 கார்களில் இன்ஜினுக்குள் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராட் போல்ட் கழன்று தீப்பற்றியதால், போர்ஷே 785 வண்டிகளை ஓட்ட வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தது. அதே தலைமுறையில் ஃபிங்கர் ஃபாலோயர் (இன்ஜின் வால்வைத் தள்ளும் சிறு பாகம்) தேய்மானம் தனிப் பிரச்சினை. அமெரிக்காவில் அதற்காக இன்ஜின் வாரண்டியை 10 வருடம் அல்லது 120,000 மைல் என்று நீட்டினார்கள். அடுத்தடுத்த ஓனருக்கும் அந்தப் பாதுகாப்பு தொடர்வதால், பயந்து விலை குறைந்திருந்த நேரத்தில் வாங்கியவர்கள் கெட்டுப்போகவில்லை. 2010-ல் 458 தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு, சக்கர வளைவுப் பகுதியில் இருந்த பசைதான் காரணம் என்று 1,248 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இன்று 458 விலையில் அதன் சாயலே இல்லை. ரீகால் வேலை முடிந்ததற்கான தாள் மட்டும் கைவசம் இருக்க வேண்டும்.

ஹைபிரிட் சூப்பர்கார்?

புதிதாக வாங்கி ரீசேலையும் எதிர்பார்ப்பவருக்கு இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன். ஃபெராரி எஸ்எஃப்90 முதல் சில வருடங்களில் கடுமையாக இறங்கியது. வாங்க வருபவர் எல்லோருக்கும் ஒரே பயம், பேட்டரி. 2024-ல் ஃபெராரி அறிவித்த சந்தாத் திட்டத்தில் 8-ஆம் ஆண்டும் 16-ஆம் ஆண்டும் பேட்டரியை மாற்றித் தருகிறார்கள். பயத்தைப் போக்கத்தான், ஆனால் ஓனருக்கு இன்னொரு ஆண்டுச் செலவு. பழைய எஸ்எஃப்90 வாங்குபவர் அந்தத் திட்டம் தொடர்கிறதா என்று பார்த்துக்கொண்டால், விலைக்கு ஏற்ற சரக்குதான்.

லிஸ்ட் விலைக்கு வாங்கி உடனே விற்றால் லாபம்தானே?

கம்பெனிகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஃபோர்டு ஜிடி வாங்கியவர்கள் இரண்டு வருடம் விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள். மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா சீக்கிரமே விற்றதும், 2017-ல் ஃபோர்டு அவர்மீது வழக்குப் போட்டது. மறு வருடம் சமரசம் ஆயிற்று. 911 எஸ்/டி-க்கு அமெரிக்காவில் போர்ஷே இன்னும் சாமர்த்தியமாக, முதல் வருடம் லீஸில்தான் கொடுத்தது. பெயரே உங்களுடையது இல்லை என்றால் எதை விற்பது? ஃபெராரியில் எழுதாத விதி ஒன்று உண்டு. உடனே விற்றவரின் பெயர் அடுத்த ஸ்பெஷல் காருக்கான பட்டியலில் இருக்காது.

எப்போது வாங்குவது?

வரம்பில்லாத வேரியன்ட் என்றால், முதல் மூன்று நான்கு வருட இறக்கம் முடிந்த பிறகு. இன்னொரு நேரமும் உண்டு. அடுத்த மாடலைக் காட்டிய சில மாதங்களில் பழையதை விற்பவர்கள் ஒன்றாகக் கிளம்புவார்கள்.

2021, 2022-ல் சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார் வரத்து குறைந்து, பழைய சூப்பர்கார்கள் கண்டபடி ஏறின. வட்டி ஏறியதும் இறங்கின. அந்த இரண்டு வருட விலையைக் காட்டி "இந்த மாடல் விலை இறங்கவே இறங்காது" என்று சொல்லும் விற்பனையாளர்களை இன்னும் பார்க்கலாம். அந்த இரண்டு வருடத்தை விட்டுவிட்டு முன்னும் பின்னும் பாருங்கள்.

வாங்கும் முன் எதைப் பார்க்காமல் விடவே கூடாது?

சர்வீஸ் புத்தகமும் பில்களும். ஃபெராரியின் 7 வருடப் பராமரிப்புத் திட்டத்தோடு விற்ற 458-ல் அந்தக் காலத்தில் ஒரு வருடம் விடுபட்டிருந்தாலே காரணம் கேளுங்கள், காசு செலவில்லாத சர்வீஸை ஒருவர் ஏன் விட்டார்?

போர்ஷே மேனுவல் என்றால் டிஎம்இ ரிப்போர்ட். இன்ஜின் எல்லைக்கு மேல் எத்தனை முறை சுற்றியது, எந்த அளவுக்கு, எத்தனையாவது மணிநேரத்தில் என்று இன்ஜின் கணினியில் பதிந்திருக்கும். ஆறு நிலைகளாக வரும். கீழ் நிலைகள் ரெவ் லிமிட்டர் (இன்ஜின் சுழற்சியை எல்லையில் தடுக்கும் அமைப்பு) வரை ஓட்டியதன் அடையாளம், கவலை இல்லை. மேல் நிலைகளில் எண் இருந்தால், ஐந்தாம் கியருக்குப் பதில் மூன்றாம் கியரில் போட்ட கை யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கும். ஒற்றை கிளட்ச் காயார்டோ, எஃப்430-ல் கிளட்ச் தேய்மான அளவையும் கருவியில் படித்துவிடலாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம் செய்தது. பெயின்ட் கனம் அளக்கும் சாதாரணக் கருவி கார்பன் பாடியில் வேலை செய்யாது, அல்ட்ராசானிக் வகை வேண்டும். அடிபட்ட கார்பன் தொட்டி உள்ள வண்டியை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

சிங்கப்பூர், துபாய், இந்தியாவில் இருப்பவர்களுக்கும் இதே கணக்கா?

சிங்கப்பூரில் இல்லை. பத்து வருட சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) காகிதமே வண்டியின் ஆயுளை எண்ணுகிறது. அதற்கு மேல் 2023 பட்ஜெட்டில், 80,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்பட்ட மதிப்புப் பகுதிக்கு ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவு வரியை 320 சதவீதமாக்கி, வண்டியின் பதிவை நீக்கும்போது திரும்பக் கிடைக்கும் தொகைக்கு 60,000 வெள்ளி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். எந்த வேரியன்ட் எடுத்தாலும் பெரும்பகுதி தேய்மானம் அரசாங்கத்துக்குத்தான் போகும்.

துபாயில் வேரியன்டை விட "ஜிசிசி ஸ்பெக்"கா என்பதே முதல் கேள்வி. அமெரிக்காவில் அடிபட்டு ஏலத்தில் போன வண்டிகள் சரிசெய்யப்பட்டு அங்கே வந்து இறங்குவது வழக்கம் என்பதால், வளைகுடாவுக்கென்று விற்ற வண்டிக்கு விலை தனி.

இந்தியாவில் இந்தக் கார்கள் முழுதாகவே இறக்குமதி ஆகின்றன. இறக்குமதி வரியே காரின் விலையைத் தாண்டி வந்திருக்கிறது, அதற்கு மேல் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம். இந்த வரிகள் எதுவும் விற்கும்போது முழுதாகத் திரும்பாது. வாங்கும் ஆட்களும் விரல் விட்டு எண்ணும் அளவு. வெளிமாநிலப் பதிவு வண்டி மலிவாகத் தெரிந்தால், என்ஓசி (ஆட்சேபமில்லாச் சான்று) வாங்கி இங்கே மறுபடி வரி கட்டும் தொகையையும் சேர்த்துப் பாருங்கள்.

விற்கும்போது எங்கே விற்பது? எந்த விலையை நம்புவது?

விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. ஆறு மாதமாக அதே விளம்பரம் தொங்கினால் அந்த விலை படியவில்லை என்று அர்த்தம். படிந்த விலை வேண்டுமென்றால் ஆன்லைன் ஏல முடிவுகளைப் பாருங்கள். பிரிங் எ டிரெய்லர், கலெக்டிங் கார்ஸ் போன்றவற்றில் விற்ற தொகை எல்லோர் கண்ணிலும் படும். விற்காமல் திரும்பிய வண்டியும் தெரியும், அதுவும் ஒரு தகவல்.

டீலரிடம் நேரடியாகக் கொடுத்தால் பணம் உடனே, விலை குறைவு. டீலர் ஷோரூமில் கமிஷனுக்கு நிறுத்தினால் விலை கூட, காத்திருக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேனுவல், எல்டி, டூரிங் போன்ற ஆள் தேடி வரும் வேரியன்டுக்கு ஏலம் நல்லது. இட்டாலியா, டர்போ எஸ் போன்றவற்றை அந்தக் கம்பெனியின் அதிகாரப்பூர்வ டீலரே வாரண்டி சேர்த்து நல்ல விலைக்கு விற்றுத் தருவார். விற்க நினைத்தால் ஏப்ரல், மே மாதம் நிறுத்துங்கள். லண்டனில் நவம்பர் மழையில் ஸ்பைடர் பார்க்க வருபவர் பேரம் பேசத்தான் வருவார்.